நாற்பதாவது இடம்

அனிஷின் முகம் ஒன்றரை வருடமாக மீன்பிடித் துறைமுகத்தில் வலையை மூடும் சீலையாகக் கிடந்தது. பிளஸ் டூ முடித்து கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சீட்டு கிடைத்தபோது அவன் அப்பா மரியான் அடித்து வைத்த ஃபிளக்ஸ் அது. 'எங்கள் தெருவின் எதிர்காலப் பொறியாளர்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அவனுக்குச் சொந்தமில்லாத ஒரு கோட்டைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, கையைக் கட்டிச் சிரிக்க வைத்திருந்தார்கள். தூத்துக்குடி திரேஸ்புரத்தில், அவர்கள் தெருமுனையில் மூன்று மாதம் நின்றது. பிறகு நல்ல கெட்டிச் சீலையாயிற்றே என்று யாரோ அவிழ்த்துக்கொண்டு போக, கடைசியில் அவன் சிநேகிதன் ஜெர்சன் வேலை பார்க்கும் விசைப்படகில் வந்து சேர்ந்தது.

பொறியாளர் இரண்டே வருடத்தில் பதினான்கு அரியரோடும் டி.சி.யோடும் ஊருக்குத் திரும்பினான். கேட்டவர்களிடம் எல்லாம் அவன் அம்மா விஜிலா, "அந்த ஊர்த் தண்ணி பிள்ளைக்கு ஒத்துக்கிடல" என்றாள். சிறுவாணித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் தூத்துக்குடி உப்புத் தண்ணீரைத் தேடி வந்த ஒரே ஆள் அனிஷாகத்தான் இருக்கும். தெருக்காரர்கள் நல்லவர்கள், நம்பியதாகக் காட்டிக்கொண்டார்கள். அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை. நேராகத் திட்டியிருந்தால்கூட ஒரு வாரத்தில் பழகியிருக்கும்.

ஊரிலேயே ஒரு கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் முதல் வருடம் சேர்ந்தான். அதே கல்லூரியில் வரலாற்றில் சேர்ந்தவன் ஜெர்சன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அனிஷ் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிய வாரம், ஜெர்சனின் அப்பாவுக்கு முதுகு போய், வீட்டில் கடலுக்குப் போக ஆள் இல்லாமல் இவன் படகு ஏறினான். இரண்டு வருடம் வலை இழுத்து, தங்கச்சியை நர்சிங் சேர்த்துவிட்டு, இப்போதுதான் தனக்கென்று ஒரு அப்ளிகேஷன் வாங்கினான். ஒருவன் தோற்றுப்போய், ஒருவன் தாமதமாய், இரண்டு பேரும் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே இருபது வயதில் உட்காரப் போகிறார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்கிய முதல் வாரத்தில்தான் கல்லூரிக்காரர்கள் பாடத் தேர்வை வைத்தார்கள். மொழிப் பாடம், மேஜர், துணைப்பாடம் எல்லாம் அவர்களே போட்டுவிடுவார்கள். மாணவன் தேர்ந்தெடுப்பது ஒன்றே ஒன்று, வேறு துறையிலிருந்து ஒரு விருப்பப் பாடம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இணையத்தில் திறக்கும், ஒரு பாடத்துக்கு நாற்பது பேர், முந்தியவனுக்கு இடம்.

அறுபது நாள் சும்மா கிடந்த கடலில் முதல் இரண்டு வாரம் நல்ல மீன்பாடு இருக்கும். அந்த நேரத்தில் லீவு கேட்கிறவனை எந்த முதலாளியும் மறுபடி சேர்க்க மாட்டார். விடியுமுன் போனால் ராத்திரிதான் திரும்பும் படகில், பத்து மணிக்கு டவரும் கிடையாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்ததும் ஜெர்சன் அனிஷைப் படகுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"ஏலே, எனக்கும் நீயே போட்டுரு. துறைமுகச் செயல்பாடுன்னு ஒரு பேப்பர் இருக்குல்லா, அதான் வேணும். வேற எதுவும் வேண்டாம்."

அது வணிகவியல் துறை நடத்தும் பாடம். லீவில் பதினைந்து நாள் கண்டெய்னர் யார்டில் பயிற்சி கொடுப்பார்கள். நன்றாகச் செய்கிறவனை அங்கேயே சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலைக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு.

"அங்கன ஒரு வேலை கெடைச்சா நான் கடல்ல இருந்து எறங்கிருவேம்லே. எங்கம்மா ராத்திரி படகு வார வரைக்கும் தூங்குறதே இல்ல."

"போட்டுருதேன். பாஸ்வேர்டு?"

"அன்னைக்கு நீதான போட்ட. எனக்கு எங்க ஞாபகம் இருக்கு?"

அனிஷுக்கு ஞாபகம் இருந்தது. ஜெர்சனின் அம்மா பிளாரன்ஸின் பெயரும் அவன் பிறந்த வருடமும். அப்ளிகேஷன் போட்ட அன்று அவன்தான் தட்டிக் கொடுத்தான்.

படகில் வலைக் குவியலுக்கு மேல் ஃபிளக்ஸ் கிடந்தது. கட்டுக்கயிற்றுக்கு அருகே ஒரு ஓரம் மடங்கியிருந்ததில், தன் கோட்டின் ஒரு கை மட்டும் அனிஷின் கண்ணில் பட்டது. மற்றதெல்லாம் வெள்ளைப் புறம். முகத்தை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தான் ஜெர்சன்.  அந்த நல்ல மனசு அவனுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அந்தத் தெருவில் கடலுக்குப் போனவனுக்குக் கரையில் ஒரு ஆள் உண்டு. அவன் ரேஷன் வாங்குவான், பேங்கில் வரிசையில் நிற்பான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அவன் என்ன செய்தான், எப்படிச் செய்தான் என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. படகு திரும்பியதும் வீட்டுக்கென்று கிடைக்கும் கறிமீனில் ஒரு பகுதி அவன் வீட்டுக்குப் போய்விடும். கரையில் நிற்பவன் ஏமாற்றினான் என்று அங்கே ஒரு கதையும் கிடையாது. அனிஷ் திங்கட்கிழமை காலை அந்தக் குறையைத் தீர்த்து வைத்தான்.

பால்துரை அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடையில் ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்துவிட்டான். வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்பா கேட்டது காதிலேயே நின்றது. மரியான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இந்தத் தடவ என்ன படிக்கான்னு யாராவது கேட்டா, நான் என்னலே சொல்லணும்?"

கோபமாகக் கேட்கவில்லை. ஒரு பதில் கிடைத்தால் தெருவில் நடமாட உதவியாக இருக்குமே என்று கேட்டார். அனிஷ் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

பத்து மணிக்குத் திறந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் முட்டியதில் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது. நண்பன் கடலில் இருக்கிறான், முதலில் அவன் வேலை என்றுதான் ஜெர்சனின் எண்ணையும் பாஸ்வேர்டையும் போட்டான். இதை அவனுக்காகச் சொல்லியாக வேண்டும். அதுவரை அவன் யோக்கியன்தான். பத்து நான்குக்குப் பட்டியல் வந்தது. அன்றாட வாழ்வில் இயற்பியல், மேடைப்பேச்சு, தோட்டக்கலை, அலங்கார மீன் வளர்ப்பு. கடைசியில் துறைமுகச் செயல்பாடுகள், மீதமுள்ள இடம் ஒன்று.

ஒன்றுதான். இரண்டு இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

அனிஷின் விரல் மவுஸின் மேல் இருந்தது. அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. துறைமுகப் பயிற்சி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனிதர் நிமிர்ந்து நடப்பார். ஜெர்சனுக்கென்ன, இல்லையென்று சொன்னால் சரி என்பான், அவன் குணம் அப்படி. இப்படியெல்லாம் நினைப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஜெர்சனின் பக்கத்தை மூடி வெளியே வந்தான். தன் எண்ணைப் போட்டு உள்ளே போனான். இடம் அப்போதும் இருந்தது. தட்டினான். 'தங்கள் தேர்வு பதிவு செய்யப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது.

 மறுபடி ஜெர்சனின் பெயரில் உள்ளே நுழைவதற்குள் பத்து பன்னிரண்டு. மிச்சம் கிடந்தது தோட்டக்கலையும் அலங்கார மீன் வளர்ப்பும்தான். மீன்தானே, அவனுக்குத் தெரிந்த சங்கதிதானே என்று அதைத் தட்டினான். மீனை விட்டு இறங்க வேண்டும் என்று கேட்டவனை மீன்தொட்டிக்குள் கொண்டுபோய்த் தள்ளினோம் என்பது, கடையை விட்டு வெளியே வந்து வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

ராத்திரி துறைமுகத்தில், ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டே ஜெர்சன் கேட்டான். "என்னலே, கெடைச்சுதா?"

"உனக்குப் போடும்போது ஃபுல்லாயிட்டுலே. அலங்கார மீன்தான் இருந்திச்சு."

ஜெர்சன் பெட்டியைக் கீழே வைத்தான். பிறகு சிரித்துவிட்டான். "மீனு என்னைய விடாது போல. சரி, உனக்கு?"

இந்தக் கேள்விக்கு அனிஷ் வீட்டிலேயே பதில் தயாரித்துக்கொண்டு வந்திருந்தான். "எனக்குக் கெடைச்சிட்டு. எக்னாமிக்ஸ்காரங்களுக்குத் தனியா கொஞ்சம் சீட்டு ஒதுக்கியிருக்காங்களாம்."

"நல்லதா போச்சு. ஒனக்காவது கெடைச்சுதே" என்றான் ஜெர்சன். அதை அவன் மனதாரச் சொன்னான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கறிமீன் பையிலிருந்து நல்லதாக இரண்டு விளமீனை எடுத்துத் தனியாகக் கட்டி நீட்டினான். வேண்டாம் என்று சொல்ல அனிஷுக்கு வாய் வரவில்லை. கரையில் நின்றவன் பங்கை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

மறுநாள் விஜிலா அதைக் குழம்பு வைத்தாள். மரியான் இரண்டு தடவை சோறு வாங்கினார். "துறைமுகத்துல பயிற்சின்னா சும்மாவா? நாப்பது பேருதான எடுக்கான்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். முந்தின நாள் சாயங்காலமே தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. அதில் ஒன்று பிளாரன்ஸின் வீடு. அனிஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவனுக்கு அவமானமாக இருந்தது. கோயம்புத்தூரில் பதினான்கு பேப்பரில் தோற்றபோது வந்த அவமானம் வேறு. அது ஊர் பார்க்கிறதே என்று வந்தது. இது யாருமே பார்க்காமல் வந்தது. மீனைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான்.

"முள்ளாய்யா?" என்று கேட்டாள் விஜிலா.

"ஆமா" என்றான்.

வியாழக்கிழமை ராத்திரி ஜெர்சன் வீடு தேடி வந்தான். வாசலிலேயே நின்று பேசினான்.

"ஏலே, உங்க அப்பா எங்கம்மாட்ட சொல்லியிருக்காரு, உனக்குக் கெடைச்ச விஷயம். அம்மா ஒரே பிடியா நிக்கா. எக்னாமிக்ஸுக்குத் தனி சீட்டு இருந்தா ஹிஸ்டரிக்கும் இருக்கும்லா, போய்க் கேளுன்னு சொல்லுதா. நாளைக்கு நாலு மணி வரைக்கும் மாத்திக்கிடலாமாம். வேல போனாலும் போவட்டும்னு நாளைக்கு ஒரு நாள் படகுக்கு வரலன்னு சொல்லிட்டேன். நீயும் வாலே. எனக்கு ஆபீஸ்ல பேச வராது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசலில் வேறு ஆள் இல்லை. அம்மா உள்ளே மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள். அனிஷ் வாயைத் திறந்தான். "எத்தன மணிக்கு?" என்றுதான் வந்தது.

அவன் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் ஜெர்சன் வெள்ளிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு ஆபீசில் போய் நின்றான். விருப்பப் பாடங்களைக் கவனிப்பவர் அற்புதமணி மேடம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு இருவரையும் பார்த்தார். அனிஷ் பேசுவான் என்று ஜெர்சன் காத்திருந்தான். பேசவில்லை என்றதும் தானே தொடங்கினான்.

"மேடம், துறைமுகப் பேப்பர்ல எக்னாமிக்ஸுக்குத் தனி கோட்டா மாதிரி ஹிஸ்டரிக்கும் ஏதாவது…"

"கோட்டாவா? அப்படி ஒண்ணும் கிடையாதே. யார் சொன்னது?"

ஜெர்சன் அனிஷைத் திரும்பிப் பார்த்தான். அனிஷ் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரோல் நம்பர் சொல்லு" என்றார் மேடம். தட்டிப் பார்த்தார். "ஜெர்சன். பத்து நாலுக்கு நீ உள்ள வந்திருக்கியே. அப்ப ஒரு இடம் இருந்திருக்கு. எடுக்காம வெளிய போயிருக்க. பத்து அஞ்சுக்கு அது முடிஞ்சுபோச்சு. பத்து பன்னிரண்டுக்கு மறுபடி வந்து மீன் வளர்ப்பு எடுத்திருக்க."

"பத்து அஞ்சுக்கு யாருக்குப் போச்சு மேடம்?"

மேடம் திரையில் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். "நாற்பதாவது… அனிஷ், பி.ஏ. எக்னாமிக்ஸ்." கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். "தம்பி, உன் பேரு என்ன?"

"அனிஷ் மேடம்."

 அனிஷால் பக்கத்தில் நிற்பவனின் இஸ்திரி போட்ட சட்டைக் கையை மட்டும் பார்க்க முடிந்தது. முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேடத்துக்கு விவரம் புரிய நேரமாகவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்தவர். "ஜெர்சன், உன் பாஸ்வேர்டை யாருக்கும் குடுத்தியா? உள்ளதைச் சொல்லு. குடுத்தது தப்பு, வாங்கி உள்ள போனது அதைவிடத் தப்பு. அப்படின்னா ரெண்டு பேர் மேலயும் பிரின்சிபாலுக்கு எழுதணும்."

அனிஷ் காத்திருந்தான். சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தான். இன்னொரு டி.சி., இன்னொரு பஸ், அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

"நான்தான் மேடம் போட்டேன்" என்றான் ஜெர்சன். "படகுல இருந்து போட்டேன். டவர் கட்டாயிருச்சு. திரும்ப வாரதுக்குள்ள போயிட்டு."

"படகுல இருந்தா?"

"ஆமா மேடம்."

மேடம் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அனிஷைப் பார்த்தார். அவனால் அந்தப் பார்வையை வாங்க முடியவில்லை. "நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. ரெண்டு பேரும் சம்மதிச்சு எழுதிக் குடுத்தா பாடத்தை மாத்திக்கலாம். யோசிச்சுக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பைக் நிறுத்துமிடத்தில் வேப்பமர நிழல் இருந்தது. ஜெர்சன் அங்கே போய் நின்றான். அனிஷ் நான்கடி பின்னால் நின்றுகொண்டான்.

"என் பேர்ல தொறந்தப்பவே ஒண்ணு இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"பாத்துட்டுதான் மூடுனியா?"

"ஆமாலே."

ஜெர்சன் தலையை ஆட்டினான். கோபப்படுவான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்த அனிஷுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இப்பவே மாத்திரலாம்லே. வா, எழுதிக் குடுப்போம். நான் மீன் பேப்பர் எடுத்துக்கிடுதேன். தப்புதான். நான் செஞ்சது பெரிய தப்பு" என்று மளமளவென்று பேசினான்.

"வேண்டாம்."

"ஏம்லே?"

"மாமா தெரு பூரா சொல்லிட்டாரு." மரியானைத்தான் சொன்னான். "எங்கம்மாட்ட சொல்லும்போது அவரு முகம் எப்படி இருந்திச்சுன்னு அம்மா சொன்னா. இப்ப போய் இல்லன்னு ஆச்சுன்னா அந்த மனுசன் மறுபடி எல்லாரு கிட்டயும் தண்ணி ஒத்துக்கிடலன்னு சொல்லணும். நீயே வச்சுக்க."

அனிஷுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதால் அதற்கும் இவன்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். ஜெர்சன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். கல்லூரியின் பக்கத்தைத் திறக்க முயன்றான். உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த விரல்களுக்குத் திரை சரியாகக் கேட்கவில்லை. இரண்டு மூன்று தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, ரேஷன் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்பதுபோலக் கேட்டான்.

"இந்தப் பாஸ்வேர்ட எப்படிலே மாத்துறது?"

அனிஷ் பக்கத்தில் போனான். போனைக் கையில் வாங்கவில்லை; ஜெர்சனும் கொடுக்கவில்லை. மேலே மூன்று கோடு, அதைத் தொடு என்றான். தொட்டான். கீழே செட்டிங் என்றான். பழைய பாஸ்வேர்டைக் கேட்டது.

"பழசு என்ன?"

"உங்கம்மா பேரு. கூட நீ பொறந்த வருசம்."

ஜெர்சன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினான். புதியதைக் கேட்டு ஒரு கட்டம் வந்தது. "இதுல புதுசு போடணும், கீழ அதையே இன்னொரு தடவ போடணும்" என்றான் அனிஷ்.

விரல் திரைக்கு மேலே நின்றது. ஜெர்சன் காத்திருந்தான். எதற்குக் காத்திருக்கிறான் என்பது அனிஷுக்குப் புரிய இரண்டு நொடி பிடித்தது. புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் தட்டி முடிக்கிற வரைக்கும் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற பைக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.